பதில் வரும்வரை பழசு இருக்கட்டும் சார்

ஏழுமலையின் பெயர் என் கைப்பேசியில் ஒளிர்ந்தபோது காலை எட்டு மணி இருக்கும். தட்டில் இரண்டாவது தோசை. நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாம் முறை அடித்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து, "யாரோ பாவம், எடுங்களேன்" என்றாள். எடுத்தேன். அவருக்கென்றே கைவசம் வைத்திருந்த பொய்யை ஆரம்பித்தேன். "ஏழுமலை, இப்பத்தான்யா பார்த்தேன், குளிச்சிட்டிருந்தேன்…"

மறுமுனையில் பெண் குரல். "சார், நான் தேவகி பேசறேங்க. அவரு போயிட்டாருங்க. காலைல காபி குடிச்சிட்டு உக்காந்தவருதான்." தேவகி அவருடைய மனைவி. அவரே தொடர்ந்தார். "அவரு கடைசியா கூப்பிட்ட நம்பர் உங்களுதுதாங்க. அதான் மொதல்ல உங்களுக்குப் போட்டேன்." இரண்டு நாள் முன்பு அவர் கூப்பிட்டிருந்தார். அதையும் நான் எடுக்கவில்லை.

அவரோடு பறந்தவர்களும், திருவண்ணாமலையில் அவரை 'ரேடியோ அண்ணன்' என்று அறிந்தவர்களும் இதைப் படிப்பீர்கள். இரண்டு தரப்பாருக்கும் அவரைப் பாதிப் பாதிதான் தெரியும். ஊர்க்காரர்களுக்கு, விமான வேலையை விட்டுவிட்டு வந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் உட்கார்ந்துகொண்டு தொலைந்தவர்களைத் தேடிக் கொடுத்த மனிதர். விமானிகளுக்கு, கேப்டன் ஆக வேண்டியவர், ஏனோ ஆகாமல் போனவர். அந்த 'ஏனோ' என்ற சொல்லை எடுத்துவிடத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. என்னோடு வேலை பார்த்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள். ஏழுமலை முதன்முதலாக என் வலப்பக்கத்து இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்தபோது அவர் செய்த முதல் காரியமே எனக்கு எரிச்சலூட்டியது. தொடையில் ஒரு சிறிய அட்டையைக் கட்டிக்கொண்டார். அதில் வெள்ளைத்தாள், கையில் பென்சில். கட்டுப்பாட்டு அறை எந்த அலைவரிசையைச் சொன்னாலும் முதலில் தாளில் எழுதினார். பிறகு அதைத் திருப்பிச் சொன்னார். பிறகுதான் ரேடியோவின் குமிழில் கை வைத்தார். "என்னய்யா, ரேஷன் கடையில பில் போடறியா?" என்று கேட்டேன். "இல்ல சார், கார்டுல பேரு விட்டுடக் கூடாதுன்னு" என்றார், முகத்தை மாற்றாமல். சிரித்துவிட்டேன்.

பறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். விமானி அறையில் இருக்கும் ரேடியோவில் எண்கள் தெரியும் கட்டங்கள் இரண்டு. ஒன்றில் இப்போது பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசை. மற்றதில் அடுத்துப் பேசப்போவது. நடுவில் ஒரு பொத்தான். அழுத்தினால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். விமானம் போகப் போக, ஓர் ஊரின் கட்டுப்பாட்டு அறை நம்மை அடுத்த ஊரிடம் ஒப்படைக்கும். புது எண்ணைச் சொல்லும். நாம் எண்ணை வைத்து, பொத்தானை அழுத்தி, புது ஆளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு பயணத்தில் பத்துப் பன்னிரண்டு முறை இது நடக்கும். பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். தானாகச் செய்வதில்தான் ஆபத்து.

பொத்தானை அழுத்தியதும் பழைய எண் பக்கத்துக் கட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும். எனக்கு அது கண்ணை உறுத்தும். உடனே குமிழைத் திருகி, அடுத்து வரப்போகும் எண்ணை அதில் வைத்துவிடுவேன். அதுவே சுறுசுறுப்பு என்பது என் நினைப்பு. ஏழுமலை விடமாட்டார். "புதுசு பதில் சொல்லலையே சார். பதில் வரும்வரை பழசு இருக்கட்டும் சார்" என்பார். புது எண்ணில் யாரும் பதில் சொல்லாவிட்டால் திரும்பிப் போக ஒரு இடம் வேண்டும், அதுதான் அவர் கணக்கு. பதில் வந்த பிறகுதான் தாளில் பழைய எண்ணின் மேல் ஒரு கோடு போடுவார். எத்தனை கிண்டல் செய்தும் இந்த வழக்கத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

சென்னையிலிருந்து கொச்சிக்குப் போகும் ஒரு காலை நேரம். வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "சார், இன்னிக்கு மலை நல்லாத் தெரியும்" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். அவர் பிறந்தது திருவண்ணாமலை மலையை ஒட்டிய அடி அண்ணாமலை. அப்பாவுக்கு மணிலாக் கடலையும் நெல்லும் போடும் விவசாயம். வலப்பக்கம் மலை தெரியும் நேரம் பார்த்து, கட்டுப்பாட்டு அறை எங்களைக் கூப்பிட்டு ஒரு நீளமான செய்தி சொன்னது. ஏழுமலை குனிந்து எழுதினார், திருப்பிச் சொன்னார், எண்ணை மாற்றினார், புது ஆளிடம் பேசினார், பழையதன் மேல் கோடு போட்டார். நிமிர்ந்தபோது மலை இறக்கைக்குப் பின்னால் போய்விட்டது. "அடடா, ஒரு நிமிஷம் நான் பாத்துக்கிட்டிருப்பேனேய்யா" என்றேன். "இருக்கட்டும் சார். மலை எங்க போகப் போகுது, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். உண்மையில் அன்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

இனி அந்த நாள். டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். பிற்பகல். விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். ஓட்டாதவர் ரேடியோவைக் கவனிப்பது முறை, ஆகவே ரேடியோ ஏழுமலையிடம். அடுத்த மாதம் அவருக்குக் கேப்டன் தேர்வு. இடது இருக்கையில் உட்கார இன்னும் சில வாரங்கள்தான். மூன்று மாதமாக வீட்டில் எல்லோரும் சேர்ந்து அவரைக் கேள்வி கேட்டுத் தயார் செய்துகொண்டிருந்ததாகத் தேவகி பிறகு சொன்னார்.

நாகபுரி தாண்டியதும் கழிவறைக்குப் போக அனுமதி கேட்டார். "ரேடியோ உங்ககிட்ட சார்" என்றார். "எங்கிட்ட" என்றேன். தாளில் நேரத்தைக் குறித்துவிட்டு எழுந்தார். விதிப்படி விமானப் பணிப்பெண் ஒருவர் உள்ளே வந்து நின்றுகொண்டார். ஜன்னல் இருக்கைக்காக இரண்டு பயணிகள் போட்ட சண்டையைச் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகக் கதை சொல்லக்கூடிய பெண். காதில் ரேடியோவின் இரைச்சல் தொந்தரவாக இருந்தது. என் பக்கத்து ஒலியைத் தாழ்த்தினேன். இரண்டாவது ரேடியோ எப்போதும் அவசர அலைவரிசையில் இருக்கும். அதில் யாரோ வேண்டாத பேச்சுப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதையும் தாழ்த்தினேன். கதையைக் கேட்டுச் சிரித்தேன். ஏழுமலை திரும்பி வந்தார், பணிப்பெண் போய்விட்டார். தாழ்த்தியதை நான் ஏற்றவில்லை. மறந்துபோனேன்.

"ஏதாவது வந்துச்சா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வரல."

அவர் தன் ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சில நிமிடங்கள் கழித்து, "சார், ரொம்ப சும்மா இருக்கு" என்றார். "இருந்துட்டுப் போகட்டுமேய்யா. நாள் பூரா கத்திக்கிட்டேதான இருக்கானுங்க" என்றேன். "சும்மா இருந்தாத்தான் சார் சந்தேகப்படணும்" என்று சொல்லி, கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். இல்லை. அந்த நேரம் அவர் காதில் இரண்டாவது ரேடியோ பேசியது. எங்கோ பறந்துகொண்டிருந்த வேறொரு விமானத்தின் விமானி எங்கள் பெயரைச் சொல்லி, உங்களை வெகுநேரமாகத் தேடுகிறார்கள், இந்த அலைவரிசைக்குப் போங்கள் என்றார். ஏழுமலை எழுதினார், திருப்பிச் சொன்னார், எண்ணை வைத்தார், பேசினார். பின்னால் பயணிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவ்வளவு நேரம் நாங்கள் யார் பேச்சுக்கும் எட்டாமல் பறந்திருக்கிறோம். அலைவரிசையை மாற்றச் சொல்லி வந்த அழைப்பு, நான் சிரித்துக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது.

எல்லாம் சரியான பிறகு ஏழுமலையின் பார்வை என் பக்கத்துக் குமிழ்களின் மேல் போயிற்று. இரண்டும் அடிமட்டத்தில் இருந்தன. கையை நீட்டி ஒன்றை ஏற்றினார், பிறகு மற்றதை. தாளில் எதையோ குறித்துக்கொண்டார்.

விசாரணை வந்தது. விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியில் கடைசி இரண்டு மணி நேரம்தான் தங்கும். அன்றே நாங்கள் இன்னொரு பயணம் போய்விட்டதால் அதில் ஒன்றும் மிச்சமில்லை. கேட்ட அதிகாரி நிதானமான மனிதர். "ரேடியோ யார் பொறுப்பில் இருந்தது?" என்றார். "ரேடியோ வழக்கமாகத் துணை விமானியின் வேலை" என்றேன். அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. அந்த நேரம் துணை விமானி இருக்கையில் இல்லை என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதிகாரி ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். "ஆமா சார். நான்தான் கவனிச்சிருக்கணும்" என்றார் ஏழுமலை. அவர் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. எழுந்த நேரமும் திரும்பிய நேரமும் அதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஏன் அப்படிச் செய்தேன்? மற்ற விமானிகளுக்குத் தேர்வு வைக்கும் தேர்வாளர் பொறுப்புக்கு அப்போது என் பெயர் போயிருந்தது. 'கதை கேட்கிறேன் என்று ரேடியோவைத் தாழ்த்திவிட்டேன்' என்று அந்த நேரத்தில் சொல்லக் கூசியது. அவ்வளவுதான். என் பிழைப்பு போயிருக்காது, ஒரு கண்டிப்போடு விட்டிருப்பார்கள். வெறும் வீம்பு. வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் ஏழுமலை, "காபி சாப்பிடலாமா சார்?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு வேலையும் இல்லை.

அவருடைய கேப்டன் தேர்வைத் தள்ளி வைத்தார்கள். மறுபயிற்சி, மறுபடி காத்திருப்பு. அந்தக் காத்திருப்பின் நடுவில் வழக்கமான மருத்துவப் பரிசோதனை வந்தது. இதயத்தில் கோளாறு என்றார்கள். இனி பறக்க முடியாது. குறித்த மாதத்திலேயே தேர்வு நடந்திருந்தால், அந்தப் பரிசோதனைக்கு முன்னால் ஓராண்டாவது இடது இருக்கையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள்கூட உட்காரவில்லை. நான் தேர்வாளர் ஆனேன். துணை விமானிகள் ரேடியோவை எப்படிக் கையாளுகிறார்கள் என்று மதிப்பெண் போட்டேன். அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு முறையும் அவர் நினைவு வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

ஊருக்குப் போன பிறகும் அவர் என்னை விடவில்லை. பௌர்ணமிக்கு முன்பு போன் வரும். "வாங்க சார், நம்ம கண்ட்ரோல் டவரைப் பாருங்க." நான் ஓய்வு பெற்ற வருடம் ஒரு முறை போனேன். போனதே சொல்லிவிட வேண்டும் என்றுதான். செங்கம் சாலையில் ஆட்டோ நகரவில்லை. ஆசிரமத்தைத் தாண்டி இறங்கி நடந்தேன். அடி அண்ணாமலையில் அவர் அண்ணனின் உரக்கடை வாசலில் நீலத் தார்ப்பாய், ஒரு மேசை, அதன் மேல் வாக்கிடாக்கி. போலீஸ் அனுமதி வாங்கி, பாதை நெடுக ஆறு இடங்களில் ஆள் போட்டிருந்தார். மாலை நான்கு மணிக்கே கூட்டம் நெரிந்தது. ஏழுமலையின் தொடையில் அதே அட்டை.

கர்னூல் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் கணவரைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றார். ஏழுமலை தெலுங்கில் விவரம் கேட்டு எழுதிக்கொண்டு, பாதையில் வருண லிங்கக் கோயில் அருகே நின்ற பாபு என்ற ஆட்டோக்காரரை வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "பாபு, பெரியவரு ஒருத்தர். பச்சைச் சட்டை, வெள்ளை வேட்டி, கையில மஞ்சப் பை. காது கம்மி."

"சரிண்ணா, பாத்துக்கறேன்."

"பாத்துக்கறது அப்புறம். நான் என்ன சொன்னேன், அதைச் சொல்லு."

"பெரியவரு, பச்சைச் சட்டை, வெள்ளை வேட்டி, மஞ்சப் பைண்ணா."

"ஒண்ணு விட்டுட்ட பாரு. காது கம்மி. நீ கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, கிட்டப் போய்த் தொடணும்."

"காது கம்மி, தொட்டுக் கூப்பிடணும்ணா."

"ம். இப்ப சரியா இருக்கு."

கால் மணி நேரத்தில் பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அந்த அம்மா அவரைத் திட்டித் தீர்த்தார். ஏழுமலை தாளில் கோடு போட்டார். நான் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, "ஏழுமலை, அன்னிக்கு அந்த டெல்லி ஃபிளைட்ல…" என்று ஆரம்பித்தேன். வாக்கிடாக்கி அவரைக் கூப்பிட்டது. பேசி முடித்துவிட்டுத் திரும்பி, "என்னமோ சொல்ல வந்தீங்களே சார்" என்றார். முகம் முழுக்க என் பக்கம் இருந்தது. கூட்டத்தின் சத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டதுபோல் இருந்தது. "ஒண்ணுமில்ல" என்றேன். விமானத்தில் சொன்ன அதே பதில். "சரி சார், அப்புறம் சொல்லுங்க" என்றார். அண்ணன் கடைக்குப் பக்கத்திலிருந்து போண்டாவும் டீயும் வரவழைத்தார். சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு அவருடைய அழைப்புகளை எடுப்பது கம்மியாகி, கடைசியில் எடுப்பதே இல்லை என்றாயிற்று.

அவர் காரியத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் கலைந்த பிறகு தேவகி ஒரு பழைய சூட்கேஸைத் திறந்து காட்டினார். உள்ளே மாதவாரியாகக் கிளிப் போட்ட தாள்கள். அவர் பறந்த பயணங்கள் அத்தனையும், பென்சில் எண்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு. "உங்ககூடப் போனதெல்லாம் தனியா வெச்சிருக்காருங்க" என்றார். எதைத் தேடினேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தது. '2.10 எழுந்தேன், ரேடியோ கேப்டனிடம். 2.17 அமர்ந்தேன்.' அழைப்பு வந்தது 2.13 என்று விசாரணை அறிக்கையில் நானே படித்திருக்கிறேன். அந்த இரண்டு வரிகள் மேல் மட்டும் கோடு இல்லை.

"இது என்னன்னு எனக்குத் தெரியும் சார்" என்றார் தேவகி. குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "ஆபீஸ்ல காட்டுங்களேன்னு நான் சண்டையே போட்டிருக்கேன். 'அவரா சொல்லுவாரு. பதில் வர்ற வரைக்கும் இருக்கட்டும்'னாரு. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதுக்குத்தான் கூப்பிடுவாரு. ஒரு வாட்டியும் கேக்க மாட்டாரு. நீங்களா சொல்லணும்னு."

நான் அழுதேன். அந்தத் தாளைக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். "அத நான் குடுக்க மாட்டேங்க. வேற எது வேணும்னாலும் எடுத்துக்குங்க" என்றார். கொச்சிப் பயணத்தின் தாளை எடுத்துக்கொண்டேன். அதில் நீளமான அந்தச் செய்திக்குப் பக்கத்தில், மலை தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில், சின்னதாக ஒரு முக்கோணம் வரைந்திருந்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் தாளும், சும்மா இருந்தால் சந்தேகப்படும் புத்தியும்தான். இரண்டாவது அவர் எனக்குக் கொடுத்து வெகுகாலம் ஆகிறது. நான் வாங்கிக்கொண்டது இப்போதுதான்.

தேவகியிடம் சொல்லிவிட்டு வந்தபடி பழைய நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவருடைய கோப்பைத் திருத்தச் சொல்லி. இன்னும் பதில் வரவில்லை. வந்தாலும் யாருக்குக் காட்டுவது.

நேற்று பௌர்ணமி. மாலையில் ஏழுமலையின் பெயர் மறுபடி ஒளிர்ந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். தேவகிதான். உரக்கடை வாசலில் இருந்தார். பின்னால் கூட்டத்தின் இரைச்சலும் வாக்கிடாக்கியில் பாபுவின் குரலும் கேட்டன.

"எழுதிட்டீங்களா சார்?"

"எழுதி அனுப்பிட்டேம்மா."

"என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

கடிதத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். "கட்டுப்பாட்டு அறை எங்களை அழைத்தபோது துணை விமானி ஏழுமலை இருக்கையில் இல்லை. என் அனுமதியோடு எழுந்து போயிருந்தார். ரேடியோ என் பொறுப்பில் இருந்தது. அதன் ஒலியைத் தாழ்த்தியவன் நான். அவர் வந்து கேட்டபோது ஒன்றும் வரவில்லை என்று சொன்னவன் நான். விசாரணையில் இதை மறைத்தவனும் நான். தவறிய தொடர்பைக் கண்டுபிடித்து மீட்டவர் அவர்."

நான் காத்திருந்தேன்.

"ம். சரியா இருக்கு சார்" என்றார்.